பழைய சிஸ்டத்தில் பிளக்இன் ஏறவில்லையா? முதலில் தேதியைப் பாருங்கள்

ஒவ்வொரு வருஷமும் ஜூன் மூன்றாவது வாரம் என் கடை வாசலில் சி.பி.யு. பெட்டிகள் வந்து சேரும். ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், கம்ப்யூட்டர் சர்வீஸ் மூன்றையும் ஒரே அறையில் வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். அந்த நாட்களில் விசைப்படகு ஓனர்களின் சின்ன ஆபீஸ், ஐஸ் கம்பெனி, இறால் எடை போடும் கொட்டகை எல்லாம் பாதி பூட்டித்தான் கிடக்கும். உப்புக் காற்றுக்குப் பயந்து கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கி, மேலே ஒரு பழைய சேலையைப் போட்டு மூடிவிட்டுப் போவார்கள். தடை முடிந்து திறந்தால் மிஷின் ஓடும், நெட்டும் வரும், ஆனால் பிரவுசரோடு சேர்ந்து வேலை செய்யும் பிளக்இன் எதுவும் ஏறாது.

போன வருஷம் பாம்பனிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுபவர். சி.பி.யு.வைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"தங்கச்சி, டிஜிட்டல் கையெழுத்துப் போடுற பிளக்இன்ன நாலு தடவ ஏத்திட்டேன். ஏறின மாதிரி காட்டுது, சைட்டுக்குப் போனா இல்லேங்குது. வேற கடையில புது மிஷின் வாங்கச் சொல்லிட்டாக. முதலாளிகிட்ட அத எப்படிப் போய்ச் சொல்றதுன்னு தெரியல."

நான் பிளக்இன் பக்கமே போகவில்லை. ஆன் செய்து, திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். 2009 ஜனவரி 1 என்று இருந்தது. அவர் நாலு தடவை பட்ட பாடும் அந்த ஒரு வரியால்தான்.

இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது இதுதான்: பழைய மிஷினில் பிளக்இன் ஏறாதபோது பழுது பெரும்பாலும் பிளக்இன்னில் இருக்காது. அந்த மிஷினின் கடிகாரம் ஒரு வருஷத்தில் நிற்கும், விண்டோஸ் இன்னொரு வருஷத்தில் நிற்கும், பிரவுசர் வேறொரு வருஷத்தில் நிற்கும். எது எங்கே நின்றுபோனது என்று வரிசையாகப் பார்த்தால் பாதி நாள் வேலை அரைமணியில் முடியும். வரிசை தப்பினால் பிளக்இன்னை ஏற்றி இறக்கியே பொழுது போய்விடும்.

கடிகாரமும் பேட்டரியும்

மதர்போர்டில் நாணயம் மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். சி.ஆர். 2032, 3 வோல்ட். மிஷின் ஆஃப் ஆகியிருந்தாலும் சுவர் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரம் அந்த மின்சாரத்திலேயே ஓடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் முழுப் பாரமும் இந்தப் பேட்டரி மேல் விழும். ஏழெட்டு வருஷம் ஆன பேட்டரி இரண்டு மாதத் தடைக்காலத்தைத் தாங்காது. அதனால்தான் ஜூனில் இந்தக் கூட்டம்.

தேதி தப்பானால் பிளக்இன் ஏன் ஏறாது? இன்று எந்த இணையதளத்தைத் திறந்தாலும் அது முதலில் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். உங்கள் மிஷின் 2009-இல் இருந்தால், சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் முடிவு செய்யும், பதிவிறக்கத்தை நிறுத்திவிடும். சில பிரவுசர்கள் கடிகாரம் பின்னால் இருக்கிறது என்று நேராகச் சொல்லும். பல பிளக்இன் நிறுவிகளோ 'நெட்வொர்க் எரர்' என்று மட்டும் காட்டும். மக்கள் மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்துகொண்டே இருப்பார்கள்.

பேட்டரி மாற்றுவதற்கு முன் பிளக்கை முழுதாகப் பிடுங்கிவிடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள், 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். நம்ம ஊரில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கமும் இருக்கிற தீவு இது. பேட்டரி உட்காரும் கிளிப்பின் கால்களில் பச்சை பூத்திருக்கும். அதைத் துடைக்காமல் புதுப் பேட்டரி போட்டால் ஒரு வாரத்தில் தேதி மறுபடி போய்விடும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு, பச்சை போகும்வரை துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். கழற்றிய கையோடு ரேம் அட்டையின் தங்க நிறப் பற்களையும் அதே மாதிரித் துடைத்துவிடுங்கள்.

மிஷினை ஆன் செய்ததும், விண்டோஸ் வருவதற்கு முன்பே பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்துக்குப் போய் அங்கேயே தேதியை வையுங்கள். விண்டோஸ் வந்த பிறகு நேர மண்டலத்தையும் பாருங்கள். 'சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி' என்ற வரி, +5:30. மணி சரியாக இருந்து மண்டலம் அமெரிக்காவில் இருந்தால் மிஷினின் உள்கணக்கு பல மணி நேரம் விலகும்.

விண்டோஸ் எக்ஸ்பியில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கடிகாரத்தை இருமுறை சொடுக்கி, 'இன்டர்நெட் டைம்' போய், 'அப்டேட் நவ்' அழுத்தினால் மறுத்துவிடும். உண்மை நேரத்துக்கும் மிஷின் நேரத்துக்கும் 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பாதுகாப்பு என்று சொல்லி அது தானாகத் திருத்தாது. கையால் தேதியைச் சரியாக வைத்துவிட்டு, அதன் பிறகு 'அப்டேட் நவ்' அழுத்துங்கள். நொடி சுத்தமாக வந்து நிற்கும்.

நீங்கள் ஏற்ற நினைப்பது எந்த வகை

எல்லாவற்றையும் நாம் பிளக்இன் என்றே சொல்கிறோம். கடைக்கு வருகிறவர்கள் அப்படிச் சொன்னால் தப்பில்லை. சரிசெய்ய உட்காருகிறவர் பிரித்துப் பார்க்க வேண்டும். இதில் மூன்று வகை உண்டு, மூன்றும் மூன்று விதமாகப் பழுதாகும்.

முதல் வகை, உண்மையான பழைய செருகிகள். ஃபிளாஷ், ஜாவா, சில்வர்லைட் போன்றவை. 1995-இல் நெட்ஸ்கேப் காலத்தில் பிறந்த என்.பி.ஏ.பி.ஐ. என்ற வாசல் வழியாக இவை பிரவுசருக்குள் நுழைந்தன. 2015 செப்டம்பரில் குரோம் 45 அந்த வாசலை மூடியது. 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 52 ஃபிளாஷை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெளியே நிறுத்தியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஆக்டிவ்எக்ஸ் என்ற தனி வாசல் இருந்தது.

இரண்டாவது, நீட்சிகள். விளம்பரம் தடுப்பது, தமிழில் தட்டச்சு செய்வது, பக்கத்தை மொழிபெயர்ப்பது, இந்த மாதிரி. இவை பிரவுசரின் சொந்தக் கடையிலிருந்து வரும்.

மூன்றாவது வகைதான் இன்று எங்கள் பக்கத்து ஆபீஸ்களில் அதிகம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (கையெழுத்துச் சான்றிதழை உள்ளே வைத்திருக்கும், பென்டிரைவ் மாதிரியான கருவி), ஆதார் கைரேகைக் கருவி. இவற்றின் மென்பொருள் பிரவுசருக்குள் உட்காருவதே இல்லை. விண்டோஸில் தனி நிரலாக ஓடிக்கொண்டு, இணையதளம் கூப்பிட்டால் பதில் சொல்லும். அண்ணன் கொண்டுவந்தது இந்த வகை. இதைப் பிரவுசரின் நீட்சிப் பட்டியலில் தேடினால் விடிய விடியத் தேடலாம்.

விண்டோஸ் எது, பிரவுசர் எது, பிட் எத்தனை

விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் 'வின்வெர்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் விண்டோஸ் பதிப்பும் சர்வீஸ் பேக்கும் வரும். எக்ஸ்பி என்றால் சர்வீஸ் பேக் 3 இருக்க வேண்டும். விண்டோஸ் 7 என்றால் சர்வீஸ் பேக் 1. இல்லாவிட்டால் மற்ற எதையும் தொடாதீர்கள். முதலில் அதைப் போடுங்கள். மை கம்ப்யூட்டரை வலச்சொடுக்கி 'புராப்பர்டீஸ்' பார்த்தால் 32 பிட்டா 64 பிட்டா என்று தெரியும்.

பிரவுசரின் பதிப்பு 'ஹெல்ப்' பட்டியலின் கடைசியில் 'அபவுட்' என்ற வரியில் இருக்கும். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எக்ஸ்பியில் எட்டக்கூடிய கடைசி எல்லை குரோம் 49, ஃபயர்ஃபாக்ஸ் 52.9 ஈ.எஸ்.ஆர். (நீண்ட நாள் ஆதரவு உள்ள வகை), இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8. விண்டோஸ் 7-இல் குரோம் 109, ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈ.எஸ்.ஆர்., எக்ஸ்புளோரர் 11. இதற்கு மேல் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது பென்டிரைவில் ஒரு ஃபைல் கொடுத்தால் வாங்காதீர்கள்.

குரோம் 49-இல் நீட்சி ஏற்ற வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். முடியாது என்று நான் நேராகவே சொல்லிவிடுவேன். நீட்சிகளைப் பொதி கட்டும் முறையே மாறிவிட்டது. புதுப் பொதியைக் குரோம் 64-க்கு முந்தைய பிரவுசருக்குப் பிரிக்கத் தெரியாது. குரோம் 109-இல் பல நீட்சிகள் ஏறும். சில நீட்சிகள் இதைவிடப் புதிய பதிப்பு வேண்டும் என்று கேட்கும். அதற்கு வைத்தியம் இல்லை. பழைய முறையில் எழுதிய நீட்சிகளைக் குரோம் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டதால், விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு நான் ஃபயர்ஃபாக்ஸைத்தான் சொல்கிறேன். அதன் நீட்சிப் பக்கத்தில் 'எல்லாப் பதிப்புகளும்' என்று ஓர் இணைப்பு இருக்கும். உங்கள் பிரவுசருக்குப் பொருந்துகிற பழைய பதிப்பை அங்கிருந்து எடுக்கலாம். குரோமில் அந்த வசதி கிடையாது.

பிட் விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். முதல் வகைச் செருகி விண்டோஸுக்குப் பொருந்தினால் போதாது, பிரவுசருக்குப் பொருந்த வேண்டும். விண்டோஸ் 64 பிட்டாக இருக்கும். அதில் ஓடும் பிரவுசர் 32 பிட்டாக இருக்கும். 64 பிட் ஜாவாவைப் போட்டுவிட்டு ஜாவா இல்லை என்கிறதே என்று நிற்பார்கள். விண்டோஸ் 7-இல் சாதாரணமாகத் திறக்கும் எக்ஸ்புளோரர் 32 பிட்தான். அதற்கு 32 பிட் ஜாவாதான் வேண்டும்.

நிறுவி ஃபைலை எங்கிருந்து, எப்படி எடுப்பது

எக்ஸ்பியின் எக்ஸ்புளோரர் 8-ஐ வைத்து இன்று ஒரு ஃபைலைப் பதிவிறக்குவதே பெரும்பாடு. டி.எல்.எஸ். 1.2 என்ற இணைப்பு முறையை அது அறியாது. பெரும்பாலான தளங்கள் அதற்குக் குறைந்து பேசுவதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் தன் சொந்த இணைப்பு முறையையும் சொந்தச் சான்றிதழ் பட்டியலையும் கையோடு வைத்திருப்பதால் எக்ஸ்பியிலும் ஓரளவு தப்பிக்கும். 2021 செப்டம்பர் 30 அன்று ஒரு பழைய மூலச் சான்றிதழ் (மற்ற சான்றிதழ்களுக்கு உத்தரவாதம் தருவது) காலாவதியானபோது இதைக் கண்ணால் பார்த்தேன். விண்டோஸின் பட்டியலை நம்பிய பழைய பிரவுசர்களில் ஏராளமான தளங்கள் அன்றோடு நின்றன. அதே மிஷினில் ஃபயர்ஃபாக்ஸ் திறந்தது.

அதனால் நிறுவியை உங்கள் போனில் பதிவிறக்கி, கேபிள் போட்டு மிஷினுக்கு மாற்றுங்கள். அதிலும் கவனம் வேண்டும்: சில நூறு கே.பி. மட்டுமே உள்ள குட்டி நிறுவி வேண்டாம். அது ஏறும்போது மீதியை நெட்டில் தேடும், பழைய மிஷினில் அங்கேயே நின்றுவிடும். 'ஆஃப்லைன் இன்ஸ்டாலர்' என்று முழுதாக, பல எம்.பி. அளவில் இருப்பதைத் தேடி எடுங்கள்.

பிளக்இன் செய்த நிறுவனத்தின் தளம் தவிர வேறு எங்கிருந்தும் எடுக்காதீர்கள். கடை தொடங்கிய புதிதில் நான் அந்தத் தப்பைச் செய்தேன். அவசரத்துக்கு ஒரு பொதுப் பதிவிறக்கத் தளத்திலிருந்து வீடியோ செருகி ஒன்றை எடுத்து, தேவிபட்டினத்து வாடிக்கையாளர் ஒருவரின் மிஷினில் போட்டேன். அதோடு ஒட்டிக்கொண்டு மூன்று டூல்பார்கள் வந்தன; முகப்புப் பக்கம் மாறியது; தேடினால் கண்ட விளம்பரமும் வந்தது. அவர் மகள் பரீட்சை முடிவு பார்க்க வைத்திருந்த மிஷின் அது. ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து, விண்டோஸையே புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. வாங்க எனக்கு மனசு வரவில்லை.

கொண்டுவந்த ஃபைலை வலச்சொடுக்கி 'புராப்பர்டீஸ்' திறங்கள். கீழே 'அன்பிளாக்' என்று ஒரு பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். நெட்டிலிருந்து வந்தது என்ற முத்திரை அது. சில நிறுவிகள் அதனாலேயே சத்தமில்லாமல் நிற்கும். அடுத்து 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பக்கத்தைப் பாருங்கள். நல்ல நிறுவனத்தின் ஃபைலில் கையெழுத்து இருக்கும்.

விண்டோஸ் 7-இல் நல்ல ஃபைலின் கையெழுத்தையும் செல்லாது என்று காட்டினால் கலங்க வேண்டாம். கையெழுத்துப் போடும் முறை ஷா-1-இலிருந்து ஷா-2-க்கு மாறிவிட்டது. வருஷக்கணக்கில் அப்டேட் செய்யாத விண்டோஸ் 7-க்கு அந்தப் புது முறை படிக்கத் தெரியாது. மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாக் தளத்தில் கே.பி. 4490628 என்ற ஃபைலை (இங்கே கே.பி. என்பது ஃபைலின் அளவு இல்லை, அப்டேட்டின் எண்) எடுத்து முதலில் போடுங்கள், பிறகு கே.பி. 4474419. இந்த வரிசையில்தான். மிஷினின் 32, 64 பிட்டுக்குத் தகுந்ததை எடுக்க வேண்டும். இரண்டும் ஏறி, ரீஸ்டார்ட் ஆன பிறகு அதே ஃபைலைத் திறந்து பாருங்கள். நான் பார்த்த விண்டோஸ் 7 மிஷின்களில், தேதிக்கு அடுத்தபடியாக அதிகம் குணமானது இந்த இரண்டு ஃபைலால்தான். அண்ணனுடைய மிஷினிலும் பேட்டரிக்குப் பிறகு இதைத்தான் போட்டேன்.

நேற்றுவரை ஓடிய நீட்சி இன்று இல்லை என்றால்

2025 மார்ச்சில் ஒரே வாரத்தில் நாலைந்து பேர் இதையே சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஃபயர்ஃபாக்ஸில் இருந்த நீட்சிகளெல்லாம் முடங்கிவிட்டன, மறுபடி ஏற்றினாலும் சரிபார்க்க முடியவில்லை என்கிறது என்று. வைரஸ் என்று பயந்துபோயிருந்தார்கள். காரணம் வேறு. நீட்சிகளைச் சரிபார்க்க, ஃபயர்ஃபாக்ஸைச் செய்யும் மொசில்லா வைத்திருந்த மூலச் சான்றிதழ் ஒன்று மார்ச் 14 அன்று காலாவதியானது. ஃபயர்ஃபாக்ஸ் 128-க்கு முந்தையவை, ஈ.எஸ்.ஆர். வரிசையில் 115.13-க்கு முந்தையவை எல்லாவற்றிலும் நீட்சிகள் படுத்துவிட்டன. விண்டோஸ் 7-க்கு மருந்து எளிது: 115 ஈ.எஸ்.ஆர். வரிசையில் கடைசியாக வந்த முழு நிறுவியை எடுத்து மேலேயே போடுங்கள். புக்மார்க், பாஸ்வேர்டு எதுவும் போகாது.

எக்ஸ்பியின் 52.9-க்கு அப்படி வழியில்லை. ஈ.எஸ்.ஆர். வகையில் மட்டும் சரிபார்ப்பை நிறுத்தும் விசை ஒன்று உண்டு. முகவரிப் பட்டையில் 'அபவுட்', முக்காற்புள்ளி, 'கான்ஃபிக்' என்று அடித்து, 'எக்ஸ்பிஇன்ஸ்டால் சிக்னேச்சர்ஸ் ரெக்கொயர்ட்' என்ற வரியைத் தேடி 'ஃபால்ஸ்' ஆக்கலாம். இது வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வைப்பது மாதிரி. முன்பே நீங்கள் நம்பி வைத்திருந்த நீட்சிக்கு மட்டும், நெட்டில் அதிகம் அலையாத மிஷினில் மட்டும் செய்யுங்கள். 52.9-இல் தமிழ்த் தட்டச்சுக்கான பழைய நீட்சிகளை வைத்திருந்த சில பெரியவர்களுக்கு இதைச் செய்து கொடுத்திருக்கிறேன். 2017 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 57 பழைய முறை நீட்சிகளை ஏற்காது என்பதால், அவர்களுக்கு 52.9-ஐ விட்டு வர மனமில்லை.

'இணைப்பு தோல்வி, நீட்சியைப் பதிவிறக்க முடியவில்லை' என்று ஃபயர்ஃபாக்ஸ் சொல்லி, மற்ற தளங்களெல்லாம் ஒழுங்காகத் திறந்தால் ஆன்டிவைரஸைச் சந்தேகப்படுங்கள். சில ஆன்டிவைரஸ்கள் நடுவில் புகுந்து தங்கள் சான்றிதழைக் காட்டும். நீட்சி விஷயத்தில் ஃபயர்ஃபாக்ஸ் அதை ஒத்துக்கொள்ளாது. நீட்சி ஃபைலைப் போனில் எடுத்து வந்து, நீட்சிகள் பக்கத்தின் பல்சக்கரத்தில் 'ஃபைலிலிருந்து நிறுவு' என்பதைக் கொடுத்தால் ஏறிவிடும்.

இவை எதிலும் அசையாவிட்டால் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து பாதுகாப்பு முறையில் பாருங்கள், அல்லது புதிய புரொஃபைல் ஒன்று உருவாக்கி அதில் ஏற்றிப் பாருங்கள். புதியதில் ஏறினால் பழைய புரொஃபைல்தான் கெட்டது.

டோக்கனும் கைரேகைக் கருவியும்

இங்கேதான் எங்கள் பக்கத்தில் அதிக நேரம் போகிறது. டோக்கனை மிஷினுக்குப் பின்னால் இருக்கும் யு.எஸ்.பி. துளையில் செருகுங்கள். முன்பக்கத் துளைகள் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். விளக்கு எரியும், தகவல் போகாது. டோக்கன் ஒரு சி.டி. டிரைவ் மாதிரி திரையில் தோன்றினால் அதற்குள்ளேயே டிரைவர் இருக்கும். முதலில் அதைப் போடுங்கள். டோக்கன் மென்பொருளைத் திறந்து உள்ளே உங்கள் பெயரும் சான்றிதழின் முடிவுத் தேதியும் தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் பிரவுசர் வரை போகவே வேண்டாம், சிக்கல் அங்கேயே இருக்கிறது. 2021 ஜனவரியிலிருந்து கிளாஸ் 2 சான்றிதழ் வழங்குவதில்லை, கிளாஸ் 3 மட்டும்தான்.

அண்ணனுடையது ஜி.எஸ்.டி. தளத்துக்கான எம்சைனர் என்ற கையெழுத்து நிரல். அதை வலச்சொடுக்கி 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று கொடுத்துத் திறக்க வேண்டும். அவர் சும்மா இருமுறை சொடுக்கிக்கொண்டிருந்தார். அடுத்தது, பிரவுசருக்கு அதை அறிமுகம் செய்வது. முகவரிப் பட்டையில் எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கி 127.0.0.1:1585 என்று அடித்தால் எச்சரிக்கைப் பக்கம் வரும். 127.0.0.1 என்பது உங்கள் சொந்த மிஷினின் முகவரி. அதனால் இந்த ஓர் இடத்தில் 'அட்வான்ஸ்டு' போய் அனுமதி கொடுக்கலாம். வேறு எந்தத் தளத்திலும் அந்த எச்சரிக்கையைத் தாண்டாதீர்கள். அனுமதி கொடுத்துவிட்டு ஜி.எஸ்.டி. பக்கத்தை மறுபடி திறந்தோம். கையெழுத்துப் பெட்டி வந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை; பிறகு முதலாளிக்குப் போன் போட்டார்.

கைரேகைக் கருவிக்கு டிரைவரைப் போடும்போது கருவியைக் கழற்றி வையுங்கள். போட்டு முடித்து, ரீஸ்டார்ட் செய்து, பிறகு செருகுங்கள். அதன் ஆர்.டி. சர்வீஸ் (கருவியை இணையதளத்தோடு பேசவைக்கும் நிரல்) ஓடுகிறதா என்று விண்டோஸின் 'சர்வீசஸ்' பட்டியலில் பாருங்கள். அது 11100 முதல் 11120 வரையிலான ஒரு போர்ட் எண்ணில் காத்திருக்கும். ஃபயர்வால் அதை மறித்தால் 'கருவி இல்லை' என்று வரும். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கருவியின் விளக்கு எரிந்து, விரலைப் படம் பிடித்து, அதன் பிறகு பொருந்தவில்லை என்று வந்தால் மென்பொருளில் குறை இல்லை. கயிறும் வலையும் இழுத்து ரேகை தேய்ந்த கைகள் இங்கே ஏராளம். ஒரு பெரியவர் பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, தன் கைதான் கெட்டுப்போனது மாதிரி தலைகுனிந்து நின்றார். அவரை வைத்துக்கொண்டு டிரைவரைத் திரும்பத் திரும்ப ஏற்றுவது கொடுமை. கையை வெந்நீரில் கழுவித் துடைத்து வேறு விரலை வையுங்கள். பென்ஷன்காரர்களின் ஆயுள் சான்று என்றால் ஜீவன் பிரமாணுக்கு முகத்தைக் காட்டிப் போனிலேயே செய்யும் வழி 2021-இலிருந்து இருக்கிறது. பிளக்இன்னும் வேண்டாம், பழைய மிஷினும் வேண்டாம்.

தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால்

எக்ஸ்பியில் தட்டச்சு நீட்சி போட்ட பிறகும் எழுத்து கட்டமாகத் தெரிகிறது, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கிறது என்பார்கள். நீட்சி மேல் பழி போடாதீர்கள். கன்ட்ரோல் பேனலில் 'ரீஜனல் அண்ட் லாங்வேஜ் ஆப்ஷன்ஸ்' போய், 'லாங்வேஜஸ்' பக்கத்தில் சிக்கலான எழுத்துகளுக்கான ஃபைல்களை நிறுவும் கட்டத்தில் டிக் போடுங்கள். எக்ஸ்பி சி.டி. கேட்கும், அதிலுள்ள ஐ386 ஃபோல்டரைப் பென்டிரைவில் வைத்துக் காட்டினாலும் போதும். விண்டோஸ் 7-க்கு இந்த வேலை இல்லை. தட்டச்சுக்கு நான் என்.எச்.எம். ரைட்டரைத்தான் போடுகிறேன். அது பிரவுசரை நம்பி இல்லாத தனி நிரல்; பிரவுசர் எந்த வருஷத்தில் நின்றாலும் தமிழ்99 விசைப்பலகை வேலை செய்யும்.

எதற்கு மெனக்கெடக் கூடாது

ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் புதிய பதிப்புகள் தாங்களாகவே எதையும் ஓட்ட மறுத்தன. எந்தத் தளமாவது ஃபிளாஷ் அப்டேட் செய்யச் சொன்னால் அது ஏமாற்று. ஒரு டீச்சர் கடல்வாழ் உயிர்கள் பற்றிய பழைய பாடக் குறுந்தகட்டைக் கொண்டுவந்தார். அதில் இருந்தது ஃபிளாஷ் ஃபைல்கள். பிரவுசரை விட்டுவிட்டு, ரஃபிள் என்ற திறந்தமூல இயக்கியில் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். பெரும்பாலானவை ஓடின. ஆக்டிவ்எக்ஸ் கேட்கும் பழைய தளங்களுக்கு விண்டோஸ் 10, 11-இல் எட்ஜ் பிரவுசரின் எக்ஸ்புளோரர் முறை இருக்கிறது. அந்த ஒரு வேலைக்கு மட்டும் வேறு ஒருவரின் மிஷினைக் கேட்டு வாங்கிச் செய்வதே மேல்.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-இலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இலும் கைவிரித்துவிட்டது. எக்ஸ்பியில் பேங்க் தளத்துக்கான எதையும் நான் ஏற்றித் தருவதில்லை. எவ்வளவு கேட்டாலும் தருவதில்லை. கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), மகன் துபாயிலிருந்து அனுப்பும் பணத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். "காக்கா, அது அவரு உழைச்ச காசு. இந்த மிஷின்ல வேணாம்" என்று சொல்லி அவர் போனிலேயே பேங்க் ஆப் போட்டுக் கொடுத்தேன். விண்டோஸ் 7-இல் வேறு வழியில்லாமல் ஜி.எஸ்.டி. மாதிரி வேலை செய்கிறவர்கள், அந்த மிஷினை அதற்கு மட்டும் வைத்துக்கொண்டு டோக்கனை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். 64 பிட் பிராசசரும் 4 ஜி.பி. ரேமும் இருந்தால் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம். நெட் பார்க்கவும் தமிழில் எழுதவும் என் கடையிலேயே ஒரு மிஷின் அப்படித்தான் ஓடுகிறது.

அண்ணன் சி.பி.யு.வைத் திருப்பித் துண்டில் சுற்றும் முன் அதன் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். விண்டோஸ் 7, சர்வீஸ் பேக் 1, 32 பிட். ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈ.எஸ்.ஆர். பேட்டரி மாற்றிய தேதி. டோக்கன் பின்பக்கத் துளையில். எம்சைனர் அட்மினிஸ்ட்ரேட்டராக. தடைக்காலத்திலும் பிளக் சுவரில் இருக்கட்டும், இடி மின்னல் அன்று மட்டும் பிடுங்கவும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஆன் செய்யவும்.